ஆயா கல்லறைக்கு எட்டு வெச்ச நாள்

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு இந்த தடவ எப்படியாவது ஊருக்குப் போயிடணும்னு லீவு சொல்லிட்டு நைனாவ (எங்க அப்பாவ) கூட்டிக்கிட்டு கிளம்பிட்டேன், ரெண்டு வருஷமா மழை, முட்டி வலின்னு தள்ளிக்கிட்டே போச்சு, ஆயாவுக்கு, அதான் நைனாவோட அம்மாவுக்கு, ஒரு மெழுகுவத்தி கூட ஏத்தலயேன்னு மனசு கேக்கவே இல்ல.

காலையில வேலூர் கோட்டைக்குள்ள இருக்கிற செயின்ட் ஜான்ஸ் சர்ச்ல ஜெபம் பண்ணோம். 1846ல கிழக்கிந்தியக் கம்பெனி பட்டாளத்துக்காக கட்டினது. கோட்டைக்கு எதிர்ல பழைய வெள்ளக்காரங்க கல்லறை, 1806 ஜூலை 10 சிப்பாய் புரட்சியில செத்துப்போன வெள்ளக்கார 69வது ரெஜிமென்ட் ஆளுங்கள அங்கதான் அடக்கம் பண்ணாங்க. நெத்தியில நாமம், திருநீறு வெக்கக்கூடாது, தாடி எடுக்கணும், புது தொப்பி போடணும்னு சொன்னதுல எழும்பின புரட்சி அது, அதுல செத்த நம்ம சிப்பாய்ங்களுக்கு மக்கான் சிக்னல்ல ஒரு தூண் இருக்கு. அன்னிக்கு புரட்சிய அடக்க வெள்ளக்கார அதிகாரி கில்லெஸ்பி குதிரைப் படையோட கிளம்பி வந்தது ஆற்காட்டுல இருந்துதான், நாங்க பஸ் ஏறினதும் ஆற்காட்டுக்குத்தான்.

ரத்னகிரி, மேல்விஷாரம் தாண்டி ஆற்காடு, அங்க இறங்கி ஆரணி பஸ். எங்க ஊர் சர்ச் பட்டாளத்துக்கு கட்டினது இல்ல, ஏர் ஓட்டி, நாத்து நட்டு கூலி வாங்கின ஜனங்க கோயில். எங்க பக்கம் சுவிசேஷம் வந்தது அமெரிக்க ரிஃபார்ம்ட் சபையோட ஆற்காடு மிஷன் வழியா, 1853ல ஸ்கடர் அண்ணன் தம்பிங்க ஆரம்பிச்சாங்க. அவங்க அப்பா டாக்டர் ஜான் ஸ்கடர், அமெரிக்காவுல இருந்து முதல் முதல்ல கிளம்பின மருத்துவ மிஷனரி, மகனுங்க 7 பேர் இந்தியாவுலயே ஊழியம் பண்ணாங்க, வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிய ஆரம்பிச்ச ஐடா ஸ்கடர் அம்மா அவருக்குப் பேத்தி, பொறந்ததே நம்ம ராணிப்பேட்டையிலதான், 1870ல.

தாது வருஷப் பஞ்சம் (1876-78) நம்ம வடாற்காட்டையே உலுக்கிப் போட்டுடுச்சு. அப்ப எங்க ஜனங்க கஞ்சிக்காக வேதத்துல (கிறிஸ்தவத்துல) சேந்தாங்கன்னு இன்னிக்கும் சிலர் லேசா சொல்லிடறாங்க, அத கேட்டா எனக்கு வயிறு எரியும். செத்தவங்கள ஊர்த் தெரு வழியா தூக்கிக்கிட்டுப் போகவே விடாத ஜனங்களுக்கு, சொந்தமா ஒரு கோயில், அதுக்குப் பின்னாடி மணி அடிச்சு, பாட்டுப் பாடி, பேர் சொல்லி அடக்கம் பண்ண ஒரு துண்டு நிலம்னா அது எவ்ளோ பெரிய விஷயம்.

அம்மா பொறந்த வீடு திருவள்ளூர் பக்கம் ஈக்காடு, அங்க வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷன். 1947 செப்டம்பர் 27ல ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், எங்க சபை இருந்த தென்னிந்திய ஐக்கிய சபை எல்லாம் ஒண்ணா சேந்து சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) ஆயிடுச்சு, ஆனா ஆயா கடைசி வரைக்கும் அம்மாவ "மெத்தடிஸ்ட் வூட்டுப் பொண்ணு, நல்லா பாடும்"னுதான் சொல்லுவாங்க.

சர்ச் இப்ப தளம் போட்டது. நைனா சின்னப் பையனா இருந்தப்ப கூரை, அப்புறம் ஓடு. உபதேசியார் வாரம் பூரா சைக்கிள்ல நாலு ஊர் சுத்துவாராம், அறுப்பின் பண்டிகையில பூசணிக்காயும் சேவலும் ஏலம் போகுமாம், ஆயா ஒரு தடவ ஏலத்துல எடுத்த சேவல திருப்பி காணிக்கையாவே குடுத்துட்டாங்களாம்.

பின்னாடி தோட்டத்துல சிமென்ட் கட்டின கல்லறை கொஞ்சம்தான். "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்"னு எழுதி, பேர் பாதி அழிஞ்சு கிடக்கு. மத்தது எல்லாம் மண்மேடு, அதுவும் மழைக்கு கரைஞ்சு தரையோட தரையா ஆயிடுது. ஆயாவோடதும் அப்படித்தான். பனமரத்துல இருந்து பதினாலு எட்டு நடக்கணும், சர்ச் பின்சுவத்த பாத்த மாதிரி, இதுதான் நைனா வெச்சிருக்கிற அடையாளம். போய் பாத்தா பனமரம் இல்ல, காத்துல சாஞ்சிடுச்சாம். நைனா அப்படியே நின்னுட்டாரு. நல்லவேளையா அடிக்கட்டை இருந்தது, அவரால நடக்க முடியல, "நீ வெய்ம்மா, உன் எட்டு சின்னது, பதினாறா வெய்"ன்னாரு. வெச்சேன். புல்ல புடுங்கி, மண்ண அணைச்சு, சாமந்தி போட்டு வத்தி ஏத்தினதும் நைனா 23ம் சங்கீதம் சொன்னாரு, பாதியில குரல் அடைச்சிடுச்சு, மீதிய நான் சொன்னேன்.

பக்கத்துல ஒரு பாட்டி, "இன்னா கண்ணு, யார் வூட்டுப் பொண்ணு நீ"ன்னு கேட்டாங்க. ஆயா பேர சொன்னதும் என் கைய புடிச்சுக்கினாங்க, ரெண்டு பேரும் ஒண்ணா நாத்து நட்டவங்களாம். அவங்க அம்மா மேடு எதுன்னு அவங்களுக்கே தெரியலயாம், "இங்கதான் எங்கியோ கீது, ஒரு வத்தி குடு கண்ணு, கர்த்தருக்குத் தெரியும்"னாங்க.

பாக்கெட்ல மிச்சம் ஏழு இருந்தது. வெறுந்தரையா இருந்த இடத்துல எல்லாம் நட்டு ஏத்திட்டு வந்தோம்.