பச்சையாக வந்தால்தான் கணக்கு

மலேசியாவின் பாகான் செராயில் ஒரு பக்கம் செம்பனை, மறுபக்கம் நெல். தோட்ட லயத்தில் பிறந்த எனக்கு ஆய்வுக்கூடத்தில் அமைந்த வேலை நெல்லோடுதான். "விதையே இல்லாம நெல்லு முளைக்க வைக்கிறீங்களாமே, நெசமா?" என்றார் பெரியம்மா. நெசம்தான். மகரந்தத்திலிருந்து முளைக்க வைக்கிறோம். எப்படி என்று எழுதிவிடுகிறேன்.

1964-ல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹாவும் மகேஸ்வரியும் ஊமத்தையின் மகரந்தப்பையிலிருந்து கருக்களை வளர்த்துக் காட்டினார்கள். 1968-ல் ஜப்பானியர் நெல்லில் செடியே எடுத்தார்கள். அப்படி வரும் செடியில் நெல்லின் 24 குரோமோசோம்களில் 12 மட்டுமே இருக்கும். அதை இரட்டித்துவிட்டால் ஒரே தலைமுறையில் கலப்பில்லாத ரகம். வழக்கமான வழியில் ஆறேழு தலைமுறை பிடிக்கும்.

ஆனால் மகரந்தம் சும்மா கருவாகாது, வாட்ட வேண்டும். நெல் என்றால், பொதியை விட்டு வெளிவராத கதிரைப் பறித்து, ஏறக்குறைய 10 டிகிரி குளிரில் ஒரு வாரத்துக்கு மேல் வைப்போம். பார்லிக்கு 4 டிகிரியில் மூன்று நான்கு வாரம், இல்லாவிட்டால் செல்லுக்கு உணவாகாத மானிட்டால் என்னும் சர்க்கரைவகைக் கரைசலில் பட்டினி. கோதுமைக்கு 33 டிகிரிச் சூடும் கொடுப்பதுண்டு. எதுவானாலும் பருவம் தப்பக்கூடாது. ஒரு மகரந்தப்பையை அசிட்டோகார்மின் என்னும் சிவப்புச் சாயத்தில் நசுக்கி நுண்ணோக்கியில் பார்ப்பேன். செல்லுக்குள் ஒரே உட்கரு, ஓரமாக ஒதுங்கி, சிவப்பேறித் தெரிய வேண்டும். மாவுச்சத்து நிரம்பிவிட்டால் அந்தக் கதிர் உதவாது. வாட்டம் சரியாகப் பிடித்தால் உட்கரு நடுவுக்கு வரும். அதைச் சுற்றி சைட்டோபிளாச இழைகள் நட்சத்திரம்போல விரியும். அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மூச்சு ஒரு நொடி நின்றுவிடும்.

அதற்கப்புறம்தான் வேதனை. முளைத்தவற்றில் பல வெள்ளைவெளேர் என்று இருக்கும். இலை, தண்டு எல்லாம் பால் நிறம். இலைக்குப் பச்சை தரும் பசுங்கணிகத்தின் மரபணுவிலேயே பெரும்பகுதி அழிந்துபோன செடிகள் பல. சர்க்கரை கலந்த வளர்ப்பு ஊடகத்தை விட்டு மண்ணுக்கு மாற்றினால் செத்துப்போகும். ஜப்பானிய வகையான ஜப்போனிகா நெல்லுக்கு வருவதுபோல, நம் பக்கத்து வகையான இண்டிகா நெல்லுக்குக் கருவும் எளிதில் வராது, பச்சையும் எளிதில் வராது. ஆகவே நூறு மகரந்தப்பைக்கு எத்தனை கரு வந்தது என்று பெருமையாகச் சொல்லும் கணக்கை நான் ஏற்பதில்லை. எத்தனை பச்சைச் செடி? அதைச் சொல்லுங்கள்.

பார்லியில் ஊடகத்தோடு தாமிர சல்பேட்டைக் கூட்டினால் பச்சைச் செடிகள் அதிகம் கிடைக்கின்றன. அடுத்த பருவக் கதிர் பொதி கட்டியதும் எங்கள் இண்டிகாவிலும் அதைச் செய்து பார்க்கப் போகிறேன்.