பழைய காருக்குச் சிந்தெடிக் ஆயில்

20 ஆண்டுகள் ஓடிய என் காருக்குச் சிந்தெடிக் ஆயில், அதாவது செயற்கை முறையில் தயாரிக்கப்படும் எஞ்சின் ஆயில், ஊற்றலாமா என்று பல மாதங்கள் தயங்கினேன். ஊற்றினால் கசியும் என்று எச்சரித்தவர்களே அதிகம். அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. 1970களில் வந்த தொடக்ககாலச் சிந்தெடிக் ஆயில்கள் சில, எஞ்சினிலிருந்து ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல்களைச் சுருங்கச் செய்தன. இன்றைய ஆயில்களில் சீல்களைப் பதமாக வைத்திருக்கும் சேர்மங்கள் கலக்கப்படுவதால் அந்தக் குறை பெரும்பாலும் நீங்கிவிட்டது.

உண்மையான சிக்கல் கசடுதான். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, உட்புறத்தில் கறுத்த கசடு மெழுகுபோல் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினால் சுருண்டு வந்தது. தேய்ந்த சீலின் இடுக்கை இத்தகைய கசடு அடைத்துக்கொண்டிருந்தால், ஆயிலில் உள்ள துப்புரவுச் சேர்மங்கள் அதை மெல்ல அகற்றியதும், ஏற்கெனவே இருந்த கசிவு வெளிப்படுகிறது. பழி மட்டும் புதிய ஆயில்மேல் விழுகிறது. ஆகவே முதலில், எஞ்சினின் மேல்மூடி வழியே ஆயில் கசியாமல் தடுக்கும் வால்வு கவர் கேஸ்கெட்டை மாற்றினேன். பிறகு கையேட்டில் குறித்திருந்த அதே 5டபிள்யூ-30 தரத்தில் (இது ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்) சிந்தெடிக் ஆயிலை ஊற்றி, அந்த முதல் ஆயிலை மட்டும் ஃபில்டருடன் 3,000 கிலோமீட்டரிலேயே மாற்றினேன். வடிந்தது தார்போல் கறுத்திருந்ததைக் கண்டபோது, சீக்கிரம் மாற்றியது சரியென்றே உணர்ந்தேன்.

குளிரில் சிந்தெடிக் ஆயில் எளிதாகப் பாய்வதால், காலையில் ஸ்டார்ட் செய்ததும் எழும் டகடக ஓசை இப்போது சில நொடிகளில் அடங்குகிறது. ஆனால் ஆயில் எரியுமிடத்துக்குள் புகாமல் தடுக்கும் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்து நீலப்புகை கக்கும் எஞ்சினை எந்த ஆயிலும் சீராக்காது. அதற்கு ரிங்குகளைத்தான் மாற்ற வேண்டும்.