ஓட்டெடுப்பைக் கடைசிக்குத் தள்ளுங்கள்

குடிமையியல் வகுப்பில் உரிமை, கடமை என்று எழுதிப்போட்டால் பிள்ளைகள் ஒப்பித்துவிடுவார்கள். அன்று மாலையே திடலில் பந்துக்காக அடித்துக்கொள்வார்கள். அந்தச் சண்டையையே பாடமாக்குவதுதான் பிரச்சினைவழிக் கற்றல். 1969-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் மருத்துவ மாணவர்களுக்குக் கொண்டுவந்த முறை இது. நோயாளியின் சிக்கல் முதலில், அதற்கு வேண்டிய பாடம் பிறகு. தொடக்கப் பள்ளியிலும் வரிசை அதேதான்.

பாதி வேலை பிரச்சினையை எழுதுவதில் இருக்கிறது. நாலைந்து வரி போதும்: "இடைவேளை 20 நிமிடம். திடல் ஒன்று. பெரிய வகுப்பு முழுவதையும் பிடித்துக்கொள்கிறது, சின்ன வகுப்பு சுவரோரம் நிற்கிறது. ஒரு பிள்ளைக்கு முகத்தில் பந்து பட்டது. வெள்ளிக்கிழமை தலைமையாசிரியரிடம் யோசனை சொல்ல வேண்டும்." இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது, முடிவெடுப்பவர் எட்டும் தூரத்தில் இருக்கிறார். 'காற்று மாசு' போன்ற தலைப்பில் இந்த இரண்டும் கிடைக்காது. கடைசியில் படம் வரைந்து சுவரில் ஒட்டுவதோடு நின்றுவிடும்.

ஆறு பீரியட் ஒதுக்குங்கள். முதல் பீரியடில் சார்ட்டில் பக்கம் பக்கமாக மூன்று பத்தி (கட்டம்) போடுங்கள்: தெரிந்தது, தெரிய வேண்டியது, எப்படித் தெரிந்துகொள்வது. முதல் பத்தியில் "பெரிய பிள்ளைகள் சுயநலக்காரர்கள்" என்று ஒரு வரி கட்டாயம் வந்து நிற்கும். அழிக்காதீர்கள். "இது பார்த்ததா, நினைத்ததா?" என்று மட்டும் கேளுங்கள். பிள்ளைகளே அதை இரண்டாம் பத்திக்கு மாற்றி, "அவர்களுக்கு ஏன் முழுத் திடலும் வேண்டும்?" என்று எழுதும்போதுதான் குடிமையியல் தொடங்குகிறது.

அடுத்த இரண்டு பீரியடும் தகவல் திரட்ட. குழுவுக்கு நான்கு பேர். ஐந்தைத் தாண்டினால் ஒருவர் வேடிக்கை பார்ப்பார். மூன்று நாளுக்கு, இடைவேளை நேரத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திடலில் எத்தனை பேர், சுவரோரம் எத்தனை பேர் என்று எண்ணட்டும். பேட்டிக்குப் போகுமுன் கேள்விகளை எழுதிக்கொள்ளட்டும், இல்லையென்றால் பேட்டி வாக்குவாதமாகிவிடும். நான்காவதில், இதை முடிவுசெய்யும் அதிகாரம் யாருக்கு, ஏற்கெனவே விதி உண்டா என்று தேடட்டும்.

ஐந்தாவதில்தான் பெரும்பாலும் கெடுகிறது. யாராவது ஒரு பிள்ளை "ஓட்டுப் போடலாம்" என்று கை தூக்கும். நேரம் மிச்சம் என்று ஆசிரியரும் சரி என்பார். எண்ணிக்கையில் பெரிய தரப்பு ஜெயிக்கும்; ஆள் அதிகம் என்றால் நியாயமும் அங்கேதான் என்று பிள்ளைகள் படித்துக்கொள்வார்கள். எனவே ஓட்டுக்கு முன் ஒரு நிபந்தனை: எதிர்த்தரப்பின் வாதத்தை ஒவ்வொரு குழுவும் சொல்லிக் காட்ட வேண்டும், அவர்களே "ஆமாம், இதைத்தான் சொன்னோம்" என்று ஒப்புக்கொள்ளும்வரை. பிறகு ஒவ்வொரு யோசனையிலும் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்று எழுதட்டும். ஓட்டு அதற்குப் பிறகுதான்.

மதிப்பெண்ணை யோசனைக்குக் கொடுக்காதீர்கள். "எந்தத் தகவல் உன் எண்ணத்தை மாற்றியது?" என்று தனித்தனியாக எழுத வையுங்கள், குழுவுக்குள் ஒளிந்துகொண்ட பிள்ளை அதில் தெரியும்.

ஆறாவது பீரியடில் தலைமையாசிரியர் முன் பேச்சு. அவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: சம்மதம் தர வேண்டியதில்லை, ஆனால் காரணத்தோடு எழுத்தில் பதில் வேண்டும். 'முடியாது' என்று வந்தாலும் அந்தத் தாளைச் சார்ட்டுக்குக் கீழே ஒட்டுங்கள். அவர் சொன்ன காரணத்தை எந்தப் பத்தியில் எழுதுவது என்று பிள்ளைகள் பேசட்டும்.