மாஸ்டர் செக்கப்புக்குக் காசு கட்டும் முன்

லேப் கவுண்டரில் தினமும் யாராவது கேட்கும் கேள்வி இது: "எண்பத்தஞ்சு டெஸ்ட் ஒரே பேக்கேஜ்ல போட்டிருக்கு, அப்பாவுக்கு எடுத்திரலாமா?" பெரும்பாலும் வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள்தான் கேட்கிறார்கள். அந்த அக்கறைக்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டும். ரத்தம் எடுக்கும் மேசையிலும் ரிப்போர்ட் சரிபார்க்கும் மேசையிலும் உட்காருகிற நாங்கள் பார்த்தவரை, முப்பது வயதுக்கு மேல் எல்லோருக்கும் சில சோதனைகள் கட்டாயம் வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை மலிவானவை, சில இலவசம். மிக முக்கியமான இரண்டு மூன்று பல பேக்கேஜ்களில் இருப்பதே இல்லை. கட்டுகிற பணத்தில் பெரும்பகுதி மற்றவற்றுக்குத்தான் போகிறது.

முதலில் அந்த எண்பத்தைந்தைப் பார்ப்போம். கொழுப்புச் சோதனை என்று எட்டு வரி அச்சாகிறது. மெஷின் அளப்பது மூன்றுதான்: மொத்தக் கொலஸ்ட்ரால், நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல், டிரைகிளிசரைடு என்ற இன்னொரு கொழுப்பு. மீதி பெரும்பாலும் கணக்கு. மொத்தம் 210, எச்டிஎல் 42, டிரைகிளிசரைடு 180 என்று வைத்துக்கொள்ளுங்கள். 180-ஐ ஐந்தால் வகுத்தால் 36, அது விஎல்டிஎல். 210-இல் 42-ஐயும் 36-ஐயும் கழித்தால் 132, அது கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல். டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது, எல்டிஎல்-ஐ நேரடியாக அளக்க வேண்டும். கல்லீரல் சோதனையில் குளோபுலின், அல்புமின்-குளோபுலின் விகிதம், இன்டைரக்ட் பிலிருபின் மூன்றும் கழித்தும் வகுத்தும் வருபவைதான். ஒரு சொட்டு ரத்தத்தில் மெஷின் ஒரே ஓட்டத்தில் தரும் சிபிசி (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) இருபது வரிக்கு மேல் போகும். சிறுநீரின் நிறமும் தெளிவும்கூடத் தனித்தனி டெஸ்ட்டாக எண்ணப்படும். ஆகவே 60-ஆ 85-ஆ என்று பேக்கேஜ்களை ஒப்பிடுவதில் பொருளில்லை.

எண்ணிக்கை கூடக்கூட வேறொரு சிக்கலும் வருகிறது. பெரும்பாலான சோதனைகளுக்கு 'நார்மல்' எல்லை வகுப்பது எப்படியென்றால், ஆரோக்கியமான பலரை அளந்து நடுவிலுள்ள 95 சதவீதத்தை எடுத்துக்கொள்வார்கள். அதாவது நோயே இல்லாதவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் எல்லைக்கு வெளியே விழுவார்கள். ஒன்றையொன்று சாராத இருபது சோதனைகள் செய்தால், முழு ஆரோக்கியமான ஒருவருக்கும் ஏதாவது ஒன்று தடித்த எழுத்தில் அச்சாகும் வாய்ப்பு சுமார் 64 சதவீதம். அந்த ஒரு வரி அந்த வீட்டின் ஒரு வாரத் தூக்கத்தைக் கெடுத்துவிடுகிறது. பிறகு மறுசோதனை, ஸ்கேன், இன்னொரு டாக்டர் என்று பேக்கேஜ் விலையைப் போல இரண்டு மடங்கு செலவாகிறது.

இதில் மிகவும் கவலை தருபவை 'கேன்சர் மார்க்கர்' சோதனைகள், அதாவது சில புற்றுநோய்களில் ரத்தத்தில் ஏறும் பொருட்களை அளப்பவை. சிஏ 125 மாதவிடாய் நாட்களிலும், கர்ப்பப்பைக் கட்டியிலும், கர்ப்பப்பையின் உள்படலம் வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸிலும், வயிற்றுக் காசநோயிலும் ஏறும். சிஇஏ புகைபிடிப்பவர்களுக்கு ஏறியிருக்கும். சிஏ 19-9 பித்தக்குழாயில் கல் அடைத்தாலே ஏறும். இன்னொரு பக்கம், புற்றுநோய் ஆரம்ப நிலையில் இருக்கும் பலருக்கு இவை நார்மலாகவே இருக்கும். நோய் உறுதியானவருக்குச் சிகிச்சை எப்படிப் போகிறது என்று கவனிக்கத்தான் இவை பயன்படும். தொந்தரவே இல்லாதவருக்கு டிஎம்டி (ஓடும் பட்டையில் நடக்கவிட்டு எடுக்கும் இதயச் சோதனை) எடுப்பதும் இப்படித்தான், குறிப்பாகப் பெண்களுக்கு. பொய்யாக 'பாசிட்டிவ்' வந்து ஆஞ்சியோகிராம்வரை போய், கடைசியில் ரத்தக்குழாய் சுத்தம் என்று திரும்புகிறவர்கள் உண்டு. தென் கொரியாவில் கழுத்து ஸ்கேன் எடுப்பது வழக்கமாகிப்போனதில், 2011-இல் கண்டறியப்பட்ட தைராய்டு புற்றுநோய் 1993-இல் இருந்ததைப்போல 15 மடங்கு ஆனது. அந்த நோயால் இறப்பவர்களின் விகிதமோ மாறவில்லை. ஆயுள் முழுக்க எந்தத் தொந்தரவும் செய்திருக்காத சிறு கட்டிகளுக்காகப் பலர் தைராய்டையே இழந்தார்கள்.

பொதுவான உடல் பரிசோதனை ஆயுளைக் கூட்டுகிறதா என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 2019-இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்வில் 15 ஆய்வுகளிலிருந்து இரண்டரை லட்சம் பேரின் விவரங்கள் இருந்தன. மொத்த இறப்பும் புற்றுநோய் இறப்பும் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் இதை அப்படியே நம் ஊருக்குப் பொருத்திவிடக் கூடாது. அந்த ஆய்வுகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்தவை. அங்கே பலருக்கு வழக்கமாகப் பார்க்கும் குடும்ப டாக்டர் உண்டு, பிரஷரும் சுகரும் பேச்சோடு பேச்சாகப் பார்க்கப்பட்டிருக்கும். நம்மிடம் நாற்பத்தைந்து வயதுவரை ஒருமுறைகூடக் கையில் பிரஷர் பட்டை கட்டாத ஆட்கள் தாராளமாக இருக்கிறார்கள். அவர்களுக்குப் பரிசோதனை வேண்டும், ஆனால் எண்பத்தைந்து வேண்டாம்.

எதிலிருந்து தொடங்குவது? ஒரு இன்ச் டேப்பிலிருந்து. சென்னை மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 2005-இல் உருவாக்கிய, சுகர் இருக்கும் வாய்ப்பைக் கணிக்கும் மதிப்பெண் முறை ஒன்று இருக்கிறது. வயது 35-க்குக் கீழே என்றால் 0, 35 முதல் 49 வரை 20, 50-உம் அதற்கு மேலும் 30. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்குள், பெண்ணுக்கு 80-க்குள் இருந்தால் 0. அதற்கு மேல் பத்து சென்டிமீட்டருக்குள் இருந்தால் 10, அதையும் தாண்டினால் 20. உடற்பயிற்சியும் உண்டு, உடலுழைப்பும் உண்டு என்றால் 0, ஏதாவது ஒன்றுதான் என்றால் 20, இரண்டும் இல்லையென்றால் 30. பெற்றோரில் ஒருவருக்கு சுகர் என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. கூட்டினால் 60-உம் அதற்கு மேலும் வருகிறவர் தள்ளிப்போடாமல் சுகர் பார்க்க வேண்டும். டேப்பைத் தொப்புளுக்குக் கீழே பேன்ட் கட்டும் இடத்தில் வைக்கக் கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் வைத்து, மூச்சை இயல்பாக விட்டபிறகு அளக்க வேண்டும்.

அடுத்தது பிரஷர். படியேறி வந்த கையோடு, சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றி ஒரே தடவை பார்ப்பது கணக்கில் சேராது. ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் பட வேண்டும், கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்க வேண்டும், சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரக் கூடாது. பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் பிரஷர் அதிகமாகக் காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்க்க வேண்டும். 140/90 வந்தால் வேறொரு நாளும் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

பேக்கேஜ்களில் காணாமல் போகிறவைதான் எங்களுக்குப் பெரிய ஆதங்கம். டார்ச் அடித்து வாயைப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் இதைச் செய்தார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய் இறப்பு 34 சதவீதம் குறைந்ததாக 2005-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்தது இன்னும் பெரிது. 30 முதல் 59 வயதுவரை உள்ள சுமார் 31,000 பெண்களுக்கு, பயிற்சி பெற்ற நர்ஸ்கள் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் காத்திருந்து, வெள்ளைப் படலம் தெரிகிறதா என்று வெறும் கண்ணால் பார்த்தார்கள். அதுவும் ஒரே ஒரு முறைதான். இந்தச் சோதனை கிடைத்த ஊர்களில் கர்ப்பப்பை வாய்ப்புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் இறப்பு 35 சதவீதமும் குறைந்தன. 2007-இல் வெளியான முடிவு இது. இவ்வளவு உறுதியான சான்று உள்ள ஒன்றை விட்டுவிட்டு, வைட்டமின் டி-யும் மூட்டுவாதத்துக்குப் பார்க்கும் ருமட்டாய்டு ஃபேக்டரும் அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்து 'முழு உடல் பரிசோதனை' முடிந்தது என்று ஒரு பெண்ணை அனுப்புவது பெரிய தவறு. அந்தச் சோதனையோ, கர்ப்பப்பை வாய்க்கே உரிய பாப் ஸ்மியரோ (செல் சோதனை), எச்பிவி சோதனையோ (வைரஸ் சோதனை) பேக்கேஜில் இருக்கிறதா என்று பெண்கள் கேட்டே தீர வேண்டும்.

ஏற்கனவே சுகர் உள்ளவர்களுக்கும் இதே கதைதான். வருடம் ஒருமுறை சிறுநீரில் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம் (அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று காட்டுவது), கண்ணில் சொட்டுமருந்து விட்டு விழித்திரைப் பரிசோதனை, பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்ற சோதனை மூன்றும் வேண்டும். ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு ஏறும்போது கிட்னி ஏற்கனவே நிறைய இழந்திருக்கும், அல்புமின் அதற்குப் பல வருடம் முன்பே கசியத் தொடங்கிவிடும்.

இனி, எடுப்பதென்று முடிவானால் எங்கே தப்பு நடக்கிறது என்று சொல்ல வேண்டும். இரவு பத்து மணிக்குச் சாப்பாட்டை முடித்துக் காலை எட்டுக்கு வந்தால் போதும். தண்ணீர் குடிக்கலாம். சர்க்கரை போடாத காபியும் கூடாது. பிரஷர் மாத்திரையை வழக்கம்போலத் தண்ணீரோடு போடலாம். சுகர் மாத்திரையையும் இன்சுலினையும் வெறும் வயிற்றில் எடுத்துவிட்டு வரிசையில் நின்றால் மயக்கம் வரும், அவை ரத்தம் கொடுத்தபிறகு டிபனோடு. சாப்பிட்டபின் பார்க்கும் சுகருக்கு இரண்டு மணி நேரக் கணக்கு முதல் கவளத்திலிருந்து தொடங்குகிறது, கை கழுவியபிறகு அல்ல. அன்றைக்கு மட்டும் இரண்டு இட்லியோடு நிறுத்துகிறவர்கள் அதிகம். வழக்கமாகச் சாப்பிடுவதைச் சாப்பிட்டால்தான் உண்மையான அளவு தெரியும். முடி கொட்டுவதற்கு பயோட்டின் மாத்திரை போடுகிறவர்கள் இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். பல மெஷின்களில் அது தைராய்டுச் சோதனையான டிஎஸ்ஹெச்-ஐக் குறைத்துக் காட்டி, இல்லாத தைராய்டு நோயை உண்டாக்கிவிடும். காய்ச்சல் இருந்தால் இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள்.

வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பவரிடம் ஒன்றைப் பாருங்கள்: சுகருக்குச் சாம்பல் நிற மூடி போட்ட குழாய் இருக்கிறதா? அதிலுள்ள ஃப்ளோரைடு, ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்பதைத் தடுக்கும். சாதாரணக் குழாயில் சீரம் பிரிக்காமல் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம்வரை குறையும். வெறும் வயிற்றில் 128 இருந்தவரின் குழாய் மூன்று மணி நேரம் வண்டிப் பெட்டியில் வெயிலில் சுற்றினால் 110-க்குக் கீழே வந்து நிற்கும். 126-ஐ எட்டினால் சுகர் என்பது எல்லை. அவர் தப்பித்ததாக நினைத்துக்கொள்வார். சுமார் மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் எச்பிஏ1சி-க்கு அந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் இரும்புச்சத்துக் குறைவான ரத்தசோகை இருந்தால் அது சற்றுக் கூடுதலாகக் காட்டும். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

செலவைப் பொறுத்தவரை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் முப்பது வயதுக்கு மேற்பட்டோருக்கு பிரஷர், சுகர், வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை இலவசம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் முழு உடல் பரிசோதனைத் திட்டம் 2016-இல் 1,000, 2,000, 3,000 ரூபாய் என்று மூன்று நிலைகளில் தொடங்கப்பட்டது. உங்கள் மருத்துவக் காப்பீட்டில் வருடாந்திரப் பரிசோதனை சேர்ந்திருக்கிறதா என்று பாலிசியைப் புரட்டிப் பாருங்கள், பலர் அதைப் பயன்படுத்துவதே இல்லை. பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள் பரிசோதனைச் செலவில் 5,000 ரூபாய்வரை கழித்துக்கொள்ளலாம், ரொக்கமாகக் கட்டியிருந்தாலும் செல்லும்.

பேக்கேஜ் எடுத்தே ஆக வேண்டுமென்றால், ரிப்போர்ட் வந்தபிறகு டாக்டர் உட்கார்ந்து பேசுவது அதில் சேர்த்தியா என்று முதலில் கேளுங்கள். போன வருடத் தாளையும் கையோடு கொண்டுபோங்கள். ஐம்பத்தைந்து வயது ஆணுக்கு ஹீமோகுளோபின் 13.2 என்றால் எல்லைக்குள்தான், தடித்த எழுத்தில் அச்சாகாது. இரண்டு வருடத்துக்கு முந்தைய தாளில் 15.1 இருந்திருந்தால், குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று டாக்டர் உடனே தேடத் தொடங்குவார்.