துரையும் இரண்டு குட்டிகளும்

மே 4, ஞாயிறு

இன்றிலிருந்து அக்னி நட்சத்திரம். எங்கள் சத்துவாச்சாரி வீட்டில் ஒரே ஓர் அறையில்தான் ஏ.சி. அதனால் பட்டாணி, மொச்சை ஜோடியின் கூண்டும் துரையின் கூண்டும் அங்கேயே வந்துவிட்டன. "இன்னாடா, எலிக்கெல்லாம் ஏ.சி.யா?" என்றாள் அம்மா. எலி இல்லம்மா, சுகர் கிளைடர், கங்காரு மாதிரி வயிற்றில் பை உள்ள சாதி என்று ஆயிரம் தடவை சொல்லியாயிற்று.

பட்டாணியின் குட்டிகள் பையை விட்டு வெளியே வந்து ஆறு நாள். அரிசி மணி அளவில் பிறந்து, இரண்டு மாதத்துக்கு மேல் பைக்குள்ளேயே பால் குடித்து வளர்ந்தவை. கண் இன்னும் திறக்கவில்லை. துரை போன மாதம் வந்தவன். துபாய்க்கு வேலைக்குப் போன நண்பன் கூண்டோடு விட்டுப் போனான். தனியாக இருந்தால் ஏங்கிப்போகும் பிராணி. சீக்கிரம் எல்லாரையும் ஒன்றாக விட்டுவிட வேண்டும்.

மே 6, செவ்வாய்

ராத்திரி ஒன்றரை மணி. மிக்சியில் காய்ந்த மிளகாயைப் போட்டதுபோல ஒரு கரகரப்பு. கோபமோ பயமோ வந்தால் இவை போடுகிற சத்தம். லைட்டைப் போட்டேன். பட்டாணி கம்பியில் தொற்றிக்கொண்டிருக்கிறாள், முதுகில் ஒரு குட்டி. எதிர்க் கூண்டிலிருந்து துரை கையை நீட்டி, குட்டியின் வாலைப் பிடித்துத் தன் பக்கம் இழுக்கிறான். இரண்டு கூண்டுக்கும் நடுவே நான் விட்டிருந்த இடம் மூன்று விரல்கடைகூட இல்லை. பாய்ந்து கூண்டை நகர்த்தினேன். வால் நுனியில் ஒரு சொட்டு ரத்தம். அப்புறம் தூக்கம் ஏது?

மே 7, புதன்

காட்பாடியில் ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டினேன். பெரும்பாலும் மாடும் நாயும் பார்க்கிறவர், ஆனால் இவற்றைப் பற்றியும் தெரிந்து வைத்திருக்கிறார். காயம் சின்னதுதான் என்று துடைத்து மருந்து போட்டார்.

ஆணின் உச்சந்தலையில் வழுக்கை மாதிரி தெரிகிறதே, அது வாசனைச் சுரப்பியாம். அதைத் தேய்த்துத் தேய்த்துத் தன் கூட்டம் முழுக்க ஒரே வாசனையைப் பூசி வைக்கும். அந்த வாசனை இல்லாத குட்டி கிடைத்தால் கடித்தே கொன்றுவிடும். வேற்றுப் பெண்ணும் அப்படித்தான் செய்யும். "துரையைத் தூக்கின கையோட குட்டிங்களைத் தொட்டீங்களா?" என்று கேட்டார். தொட்டேன். துரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே பட்டாணிக்குப் பப்பாளி ஊட்டினவன் நான்.

மே 8, வியாழன்

துரை ஹாலுக்குப் போய்விட்டான், ஏர்கூலரோடு. நடுவில் சுவர். வாசனை ஒட்டாமலிருக்க, முதலில் குட்டிகள் வேலை, கடைசியில்தான் துரை. அவனைத் தூக்கும்போது மட்டும் நான் போட்டுக்கொள்ள ஒரு பழைய சட்டை.

"அப்பனையும் தள்ளி வைடா" என்கிறாள் அம்மா. அது மட்டும் கூடாதென்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். பட்டாணி சாப்பிட இறங்கியதும் மொச்சை குட்டிகளின் மேல் போர்வை மாதிரி படுத்துக்கொள்கிறான். ஏ.சி. அறையில் அந்தச் சூடு இல்லையென்றால் குட்டிகள் விறைத்துவிடும்.

மே 10, சனி

பெரியதுக்குக் கண் திறந்துவிட்டது. வால் கடிபட்டதுக்கு ஒரு கண்தான், பாதி.

ஜூலை 6, ஞாயிறு

குட்டிகள் பால் மறந்து தாமாகவே தின்கின்றன. வால் நுனியில் மட்டும் முடி முளைக்கவில்லை. இருந்தாலும் துரையைச் சேர்க்கவில்லை. முதலில் அவனைச் சென்னைக்குக் கொண்டுபோய்க் கருத்தடை செய்ய வேண்டும்.

பத்து நாளாகத் தூங்கும் துணிப்பைகளை மட்டும் மாற்றி மாற்றிப் போடுகிறேன். முதல் நாள் குட்டிகளின் பையைக் கண்டதும் துரை கரகரவென்று கத்தி, அதன் மேல் மூத்திரம் பெய்தான். இன்று காலை பார்த்தால், அதே பைக்குள் சுருண்டு தூங்குகிறான். வால் மட்டும் வெளியே.