கவிழ்த்துப் பிடித்த கிட்டார்: குன்னூர் நாட்குறிப்பு

ஜூலை 6, ஞாயிறு

தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு எங்கள் குன்னூருக்கு வந்து சேரும்போது சாரலும் மூடுபனியுமாகத்தான் மிஞ்சியிருக்கும். எங்களுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. ஆனாலும் ஈரம் ஈரம்தான். துவைத்த துணி மூன்று நாளாகக் கொடியிலேயே கிடக்கிறது. கிட்டார் தந்திகளில் பழுப்பு ஏறிவிட்டது. வாசித்து முடித்தால் விரல் நுனியில் துரு வாசனை.

கிட்டார் தம்பியுடையது. திருப்பூருக்கு வேலைக்குப் போகும்போது, "நீ வைத்துக்கொள் அக்கா, அங்கே அறையில் ஆறு பேர்" என்று சொல்லி விட்டுப்போனான். நான்கு கார்டுகள், அதாவது பல தந்திகளைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் விரல் பிடிகள், சொல்லிக்கொடுத்திருந்தான். மற்றதெல்லாம் தையல் கடையை மூடிய பிறகு வீடியோ பார்த்து நானே கற்றுக்கொண்டது.

ஐந்து வாரமாக ஒரே பாட்டுடன் மல்லுக்கட்டுகிறேன். எலிசபெத் காட்டன் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணியின் 'ஃப்ரைட் டிரெயின்'. சரக்கு ரயில். 1958-இல் ஃபோக்வேஸ் நிறுவனம் வெளியிட்ட அவருடைய முதல் இசைத்தட்டில் இருக்கிறது. ஒரு குரல், ஒரு கிட்டார், வேறு எதுவும் இல்லை. சுரங்களை ஒன்றுவிடாமல் பிடித்துவிட்டேன். வேகமும் சரியாக வருகிறது. இருந்தும் என் வாசிப்பில் அந்தப் பாட்டு இல்லை. அவர் வாசிக்கும்போது மெட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் நடக்கிறது, தடித்த தந்திகளின் தாளம் செருப்பில்லாத காலடி போலப் பின்னால் வருகிறது. என் கையில் தாளம் முன்னால் தடதடக்கிறது, மெட்டு அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது.

எங்கே தவறுகிறேன் என்று தெரியாமல் இன்று மட்டும் இருபது முறையாவது கேட்டிருப்பேன்.

ஜூலை 9, புதன்

கிடைத்துவிட்டது. இரவு பதினொன்றரை மணி, தூக்கம் வரவில்லை, எழுதி வைத்துவிடுகிறேன்.

அவருடைய புகைப்படம் ஒன்றைப் பார்த்தேன். கிட்டாரின் கழுத்து எந்தப் பக்கம் இருக்க வேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கம் இருந்தது. முதலில் படத்தைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள் என்றே நினைத்தேன். அவர் இடதுகைக்காரர். வலதுகைக்காரர்களுக்காகத் தந்தி கட்டிய கிட்டாரை, ஒரு தந்தியையும் மாற்றாமல், அப்படியே கவிழ்த்துப் பிடித்து வாசித்திருக்கிறார். அதனால் தடித்த தந்திகள் தரைப் பக்கம் போய்விட்டன, மெல்லிய தந்திகள் மேலே வந்துவிட்டன. உலகமெல்லாம் கட்டை விரலால் தாளமும் மற்ற விரல்களால் மெட்டும் வாசிக்கும்போது, இவர் ஆள்காட்டி விரலால் தாளத்தைத் தட்டி, கட்டை விரலால் மெட்டை வாசிக்கிறார். கையிலேயே பலமான விரல் கட்டை விரல். மெட்டு ஏன் நிமிர்ந்து நிற்கிறது என்பதற்கு வேறு விளக்கமே வேண்டாம்.

வீடியோக்களில் சொல்லித்தருபவர்கள் எல்லாரும் சுரங்களைச் சரியாக எடுத்து, பழக்கமான விரல்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை, எவ்வளவோ கற்றுத்தந்தவர்கள். ஆனால் அந்தப் பங்கீட்டில் பாட்டின் எடை இடம் மாறிவிடுகிறது.

நானும் பிறவி இடதுகைக்காரி. சோற்றில் இடது கை பட்டால் கரண்டிக் காம்பால் புறங்கையில் ஒரு தட்டு விழும். பள்ளிக்கூடத்தில் பலப்பத்தைப் பிடுங்கி வலது கையில் திணிப்பார்கள். கத்தரிக்கோலும் வலது கைக்கென்று செய்ததுதான், அதற்குப் பழகி இருபது வருடம் ரவிக்கை வெட்டியாகிவிட்டது. எனக்கு எந்தக் கை என்பதையே மறந்துபோய், தம்பி காட்டியபடி வலது கையால் மீட்டிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

கவிழ்த்துப் பிடித்து நான்கு நாள் ஆகிறது.

சி கார்டு கூட வரவில்லை. வழக்கமாக மோதிர விரல்தான் எட்டிப்போய் ஐந்தாவது தந்தியை அழுத்தும், ஆள்காட்டி விரல் பக்கத்திலேயே இருந்துவிடும். இப்போது தலைகீழ். மோதிர விரல் கிட்டத்திலேயே மடங்கி நசுங்குகிறது, ஆள்காட்டி விரல் கழுத்தின் முதல் கட்டத்தில் மேல்தந்திகளை நோக்கிக் கழுத்தை முழுக்கத் தாண்ட வேண்டியிருக்கிறது. அதுவும் இதுவரை தந்தியை அழுத்தியே அறியாத வலது கை விரல்கள். இருபது வருடம் ஊசி பிடித்த விரல் நுனியில் காய்ப்பு இருக்கும் என்று நம்பியிருந்தேன். ஊசிக் காய்ப்பு இருக்கும் இடம் வேறு, தந்தி கேட்கும் இடம் வேறு.

மீட்டும் கையோ, இடது கை, சொன்னவுடன் போய் உட்கார்ந்துகொண்டது. கீழே ஆள்காட்டி விரல் இரண்டு தந்திகளில் ஒன்று மாற்றி ஒன்று தட்டிக்கொண்டே இருக்க வேண்டும், எதற்காகவும் நிற்கக் கூடாது. தையல் இயந்திரத்தின் மிதியைப் போல. மிதிக்கும் கால் துணியைப் பற்றி யோசிப்பதில்லை, வளைவு வந்தால் கைதான் திருப்பும். ஆள்காட்டி விரலைக் காலாக நினைத்துக்கொண்டேன். கட்டை விரல் துணியைத் திருப்பும் கை. இன்று மாலை, கார்டு எதுவும் பிடிக்காமல் வெறும் தந்திகளில், அந்த நடை ஒரு நிமிடம் அறுபடாமல் வந்தது. ஒரே நிமிடம்தான். அறை முழுக்க அது கேட்டது.

ஜூலை 20, ஞாயிறு

ஆடி பிறந்துவிட்டது. முகூர்த்தம் இல்லாததால் கடையில் வேலை குறைவு. ஆவணிக் கல்யாணங்களுக்கான ரவிக்கைகள் மாதக் கடைசியில்தான் குவியும். மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மா தேநீர் போட்டார், வர்க்கி இருந்தது. அம்மாவுக்கு எலிசபெத் காட்டனின் கதையைச் சொன்னேன்.

1893-இல் வட கரோலினாவில் பிறந்தவர். பத்துப் பன்னிரண்டு வயதுக்குள் வீட்டு வேலைக்குப் போய்விட்டார். மாதம் 75 சென்ட் கூலி. அதைச் சேர்த்து 3 டாலர் 75 சென்டுக்கு முதல் கிட்டாரை வாங்கினார். அதற்கு முன் அண்ணன் வீட்டில் இல்லாத நேரத்தில் அவனுடைய பாஞ்சோவை எடுத்து வாசித்துப் பழகியவர். 'ஃப்ரைட் டிரெயின்' அந்தச் சிறு வயதில் அவரே கட்டிய பாட்டு. பிறகு கல்யாணம், ஒரு மகள், உலகப் பாட்டெல்லாம் வேண்டாம் என்ற தேவாலயச் சபையாரின் கண்டிப்பு. கிட்டாரைக் கீழே வைத்தவர் பல பத்தாண்டுகள் தொடவில்லை.

வாஷிங்டனில் ஒரு பெரிய கடையில் வேலை பார்த்தபோது, கூட்டத்தில் தொலைந்த ஒரு குழந்தையைக் கண்டுபிடித்துத் தாயிடம் சேர்த்தார். அந்தத் தாய் ரூத் க்ராஃபர்ட் சீகர் என்ற இசையமைப்பாளர். அந்த அறிமுகத்தில் அவர்கள் வீட்டு வேலைக்குப் போனார். வீடு முழுக்க நாட்டார் இசை. சுவரில் மாட்டியிருந்த கிட்டாரை ஒருநாள் எடுத்து வாசித்தார். அந்த வீட்டுப் பையன் மைக் சீகர்தான் பின்னாளில் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு இவர் வீட்டுக்கே போய் அந்த முதல் இசைத்தட்டுக்கான பாட்டுகளைப் பதிவு செய்தவர். தட்டு வெளிவந்தபோது இவருக்கு வயது 65.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"வேலை செய்யும் வீட்டில் கிட்டாரை எடுத்து வாசிக்க விட்டார்களா, கண்ணு?"

அம்மா இங்கே குன்னூரில் பெட்ஃபோர்டு பக்கம் ஒரு பங்களாவில் 22 வருடம் ஆயாவாக இருந்தவர். அங்கே ஒரு பியானோ இருந்தது. ஈரத்தில் கட்டைகள் ஊறி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, அதன் வயிற்றுக்குள் ஒரு சின்ன பல்பை எரியவிட்டிருப்பார்களாம். தினமும் காலையில் அம்மா அதைத் துடைக்க வேண்டும். துரைசானி அம்மா ஒன்பது மணிவரை தூங்குவார், சத்தம் வரக் கூடாது. மேசை மேல் கையை வைத்து எப்படித் துடைப்பார் என்று காட்டினார். மெல்லிய துணியை இரண்டு விரலில் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு கட்டையையும் உள்ளிருந்து தன் பக்கமாக, அழுத்தாமல், ஒரே இழுப்பு. பக்கவாட்டில் இழுத்தால் பக்கத்துக் கட்டை தட்டுப்படும். 22 வருடத்தில் ஒருமுறை கூட அது சத்தம் போட்டதில்லை என்றார். சொல்லும்போது அந்தக் குரலில் பெருமை இருந்தது. வேலையைச் சுத்தமாகச் செய்தவரின் பெருமை.

நான் எழுந்து போய் அரிசி களைந்தேன்.

ஜூலை 26, சனி

மூன்று மணிக்கு மேல் கீழே ஸ்டேஷனில் நீராவி இன்ஜின் கூவியது. ஊட்டியிலிருந்து டீசல் இன்ஜின் இழுத்து வரும் பெட்டிகளுக்கு இங்கேதான் இன்ஜின் மாற்றுவார்கள். இங்கிருந்து கல்லாறு வரை பல்சக்கரப் பாதை. எங்கள் ரயில் குன்னூருக்கு வந்த 1899-இல் எலிசபெத் ஆறு வயதுச் சிறுமி. அவர் வீட்டருகே ஓடிய ரயிலின் சத்தத்தைப் படுக்கையில் கிடந்தபடி கேட்டுக் கேட்டுத்தான் அந்தப் பாட்டு வந்திருக்கிறது. செத்த பிறகும் ரயில் போவது கேட்கும்படியான இடத்தில் தன்னைப் புதைக்கச் சொல்லும் பாட்டு. ஒரு சிறுமிக்கு இப்படித் தோன்றியிருக்கிறது. ரயில் சத்தம் கேட்டு வளர்ந்த எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. மூன்று மணிக் கூவல் கேட்காத நாளில் எனக்கும் ஏதோ ஒன்று குறையும்.

இன்று இன்னொன்றும் தெரிந்துகொண்டேன், மனம் ஆறவில்லை. அவர் கண்டுபிடித்துக் கொடுத்த குழந்தை பெக்கி சீகர் வளர்ந்து, இங்கிலாந்துக்குப் போய் இந்தப் பாட்டைப் பாடியிருக்கிறார். கேட்டவர்கள் எடுத்துப் பாடி, 1957-இல் பிரிட்டனில் அது பெரிய வெற்றிப் பாட்டாகிவிட்டது. எழுதியவர்கள் என்று வேறு இருவர் பெயர். அந்த வருடம் இவர் வாஷிங்டனில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தார். சீகர் குடும்பத்தார் துணை நின்றதால் உரிமை பின்னர் இவருக்குத் திரும்பியது. திரும்பியது நல்லது. ஆனால் ஊரே முணுமுணுத்த தன் பாட்டைத் தன்னுடையது என்று சொல்ல அவருக்கு இன்னொருவர் துணை வேண்டியிருந்ததே, அதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சி, ஜி வந்துவிட்டன. ஈ கார்டில் நிற்கிறேன். பாட்டின் நடுவில், எல்லாம் பழகிய வழியில் போய்க்கொண்டிருக்கும்போது, எதிர்பாராமல் ஈ வந்து எஃப்பில் இறங்கும். மூடுபனியில் சாலை திரும்பும்போது பள்ளத்தாக்கு ஒரு நொடி தெரிந்து மறைவதைப் போல இருக்கும் அந்த இடம். அதற்காகவே வாசிக்கலாம்.

அவருடைய இரண்டாவது இசைத்தட்டையும் (1967) இந்த வாரம் முழுக்கக் கேட்டேன். அதில் தலைப்புப் பாட்டைப் பாடியிருப்பவர் பன்னிரண்டு வயதுக் கொள்ளுப்பேத்தி பிரெண்டா எவன்ஸ். கிட்டார் மட்டும் இவர். குழந்தையின் குரல் எங்கேயும் தடுமாறவில்லை, ஏனென்றால் கிட்டார் அதைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறது. ஓரிடத்திலும் முந்தவில்லை. தாளம் தட்டும் அந்த ஆள்காட்டி விரலை இப்போது என்னால் தனியாகக் கேட்க முடிகிறது. முதல் தட்டைவிட இந்தத் தட்டுதான் எனக்கு நெருக்கம். தொண்ணூறைத் தாண்டிய வயதில் கிராமி விருது வாங்கி, 1987-இல் இறந்தார். விருதைவிட அந்தக் குழந்தைக்கு வாசித்த கிட்டார்தான் என் மனதில் நிற்கிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோயம்புத்தூரிலிருந்து புதுத் தந்திகள் வாங்கி வந்து மாட்டினேன். இடதுகைக்காரர்களுக்கென்று தந்தியை மாற்றிக் கட்டித் தரலாம் என்று கடையில் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இரவு, முதல்முறையாகப் பாட்டை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எஃப் கார்டில் ஒரு தந்தி செத்து ஒலித்தது. மற்றபடி நிற்காமல் வந்தது. கட்டை விரல் மெட்டைச் சொன்னது. அம்மா என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் சொல்லவில்லை.

முடிந்ததும் எழுந்து போய்ப் பழைய வாயில் புடவைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். "ஈரம் பட்டால் இதுவும் துருப்பிடிக்கும். கொடு" என்று கிட்டாரை வாங்கி மடியில் படுக்க வைத்துக்கொண்டார். துணியை இரண்டு விரலில் சுற்றி, ஒவ்வொரு தந்தியாக, கழுத்திலிருந்து தன் பக்கமாக ஒரே இழுப்பு. ஆறு தந்திகள். ஒரு சத்தமும் இல்லை.

"இதைத் தட்டினால் யாரும் எழுந்துவிட மாட்டார்கள் அம்மா" என்றேன்.

துணியை விரலிலிருந்து கழற்றினார். கட்டை விரலை மெல்லிய தந்தியின் மேல் வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்து, ஒருமுறை மீட்டினார். ஒலி அடங்கும்வரை தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அடுத்த தந்திக்குப் போனார்.