அப்பாவோட யூரினும் ஒளிர்ற சாயமும்

அப்பா பாம்பன்ல கடலுக்குப் போறவரு, சுகர் வந்து 12 வருஷம். போன மாசம் கால் வீங்கி ராமநாதபுரம் கூட்டிட்டுப் போனா யூரின்ல அல்புமின், அதாவது ரத்தத்துல இருக்க வேண்டிய ஒரு புரதம், போகுதுன்னுட்டாங்க. முன்னாடி யூரின்ல முக்கிப் பாக்குற ஸ்ட்ரிப் டெஸ்ட்ல நார்மல்னு சொன்னாங்களே, அதுதான் இன்னும் மனசு ஆறல. யூரின்ல போற அல்புமின் ஒரு நாளைக்கு 30 மில்லிகிராம் தாண்டுனாலே கிட்னிய கவனிக்கணும், சாதா ஸ்ட்ரிப்ல அந்தச் சின்ன அளவு பெரும்பாலும் சிக்காது, அல்புமின் கிரியாட்டினின் டெஸ்ட்டுன்னு தனியா கேட்டுத்தான் எடுக்கணும்.

அப்பதான் ஃப்ளோரசன்ட் ப்ரோப் பத்தி படிச்சேன், யூரின்ல இருக்குற அல்புமின ஒளிர்ந்து காட்டிக் கொடுக்குற சாயம் அது. இந்த சாயத்துல சில வகை தண்ணில மிதக்குறப்ப முறுக்கி முறுக்கி ஆடிட்டே இருக்குமாம், வாங்குன ஒளியெல்லாம் அந்த ஆட்டத்துலயே போயிரும், ஆனா அல்புமினுக்குள்ள தண்ணி அண்டாத குழி இருக்கு பாருங்க, அதுல போய் ஒக்காந்துட்டா ஆட எடமில்லாம பளிச்சுனு ஒளிரும், அல்புமின் கூடக்கூட வெளிச்சமும் கூடும். நம்ம கடல்ல ராத்திரி துடுப்பு போட்டா மினுங்குமே அது வேற, கடல்ல இருக்குற சின்னச் சின்ன உயிரு தானே உண்டாக்குற வெளிச்சம், இதுக்கு வெளிய இருந்து லைட் அடிக்கணும். யூரினே கொஞ்சம் ஒளிரும்ங்கிறதால அதோட கலக்காத நெறமா தேடுறாங்க.

அம்மா நேத்தே கருவாட்டுச் சட்டிய பரண்ல ஏத்திட்டாங்க, அப்பா சாப்பிடறப்ப அங்கயே பாத்துட்டு இருந்தாரு.